வைக்கோலுக்குப் போட்ட தம்

"அதத் தொட வேணாம்" என்றாள் ஹமீமா, ஆட்டின் மடியிலிருந்து தலையைத் தூக்காமலே.

அவள் புருஷன் ஸாலிஹ் கையை இழுத்துக்கொண்டான். கொட்டிலுக்குப் பின்னால், பொலித்தீனால் இறுகச் சுற்றி மணல் மூட்டைகளால் அழுத்தியிருந்த வைக்கோல் குவியலை அவன் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். கல்யாண வீடுகளில் புரியாணி ஆக்கும் பண்டாரி அவன். சட்டி அடுப்பில் இல்லாத நாட்களில் அவனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது.

"மணம் வந்திட்டு, புள்ள. தம் முடிஞ்சி."

"இது புரியாணி இல்ல. மூணு கிழம மூடி வைக்கணும். புதன்கிழமதான் திறக்கிற."

"வெள்ளிக்கிழம ஜும்மாவுக்குப் பொறகு நானா வேன் கொண்டு வார. நெனவு இரிக்கா?"

நினைவில்லாமல் எப்படி? ஸாலிஹின் நானா ரிஷாத்துக்குக் கொட்டாஞ்சேனையில் இறைச்சிக்கடை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்க நெருங்க, ஹெந்தளையில் தம்பி வீட்டில் நின்ற ஐந்து ஆடுகள் மேலும் அவன் கண் விழுந்தது. புல் வெட்டிய ஓடைக்கரையை யாரோ வேலி போட்டு அடைத்துவிட்டார்கள். பலா இலையும் முன்போல் கிடைப்பதில்லை. நிறையக் கறந்த சீனி என்கிற தவிட்டு நிற ஆடுகூடப் பாதிப் பால்தான் தந்தது. "தீனி போட ஏலாட்டி எனக்குத் தாங்க" என்று ரிஷாத் கேட்டபோது ஹமீமா வெள்ளிக்கிழமை வரை தவணை வாங்கினாள். அதற்குள் ஆடுகள் இந்த வைக்கோலைத் தின்றால் இங்கேயே நிற்கும். இல்லாவிட்டால் வேனில் ஏறும்.

வெறும் வைக்கோலை ஆடு முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடும். அதில் சத்து இல்லாமல் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. மரத்தை மரமாக்கும் அதே கடினப் பொருள் நெல்தாளின் நாரையும் இறுக்கிப் பிடித்திருக்கிறது. ஆட்டின் முதல் வயிற்றில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் நாரை உடைத்துச் சத்தாக்கித் தருகின்றன. பூட்டு இருக்கும்வரை அவற்றாலும் உள்ளே நுழைய முடியாது. யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி வைத்தால், அது மெல்ல மெல்ல அமோனியாவாக மாறித் தாளுக்குள் இறங்கிப் பூட்டைத் தளர்த்திவிடும். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியா, அதற்கு மேல் போடக்கூடாது. கால்நடை வகுப்பில் இதைக் கற்றுவந்த ஹமீமாவுக்கு மிகவும் பிடித்துப்போனது வேறொன்று: யூரியா கரையும்போது வாளி ஐஸ் போட்டதுபோலக் குளிர்ந்தது. நெருப்பே இல்லாத சமையல்!

ஸாலிஹுக்கு அதில் பிடிபட்டது மூடி வைப்பது மட்டும்தான்.

புதன்கிழமை காலை அவன் சந்தைக்குப் போயிருந்தபோது ஹமீமா பொலித்தீனைப் பிரித்தாள். அமோனியாவின் காரத்தில் கண் எரிந்தது. மதிலுக்கு அப்பாலிருந்து யூஜினா கத்தினாள்: "ஹமீமா! ஆட்டுக்குத் தலைமயிர் டை அடிக்கிறியா என்ன?"

"ஓம், பெருநாளைக்கு மாப்பிள பாக்க வாராங்க!"

வைக்கோல் பழுப்பேறி மிருதுவாகியிருந்தது. இனி அது காற்றில் கிடந்து ஆற வேண்டும். அந்தக் காரம் போன பிறகுதான் ஆடுகளுக்குப் போடலாம், அதுவும் முதலில் இலையோடு ஒரு பிடி மட்டும். குவியலின் வாயை அகலத் திறந்து வைத்துவிட்டு, கொட்டாஞ்சேனை வீடுகளுக்குப் பால் கொடுக்க அவள் பஸ் ஏறினாள்.

ஸாலிஹ் திரும்பி வந்தபோது முதலில் கண்ணில் பட்டது திறந்து கிடந்த குவியல். அவன் தொழிலில் தம் உடைத்தால் அந்த நிமிடமே பரிமாற வேண்டும், ஆறினால் பண்டாரிக்கு மானக்கேடு. கையை உள்ளே விட்டு அடியிலிருந்து அள்ளினான். எந்தச் சட்டியிலும் அடிதான் ருசி. ஆனால் இந்தக் குவியலில் யூரியாத் தண்ணீர் இறங்கித் தேங்கியது அடியில்தான்.

சீனி முகர்ந்தது. தும்மியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அவன் ஆக்கிப் பரிமாறிய சஹன் தட்டை இதுவரை யாரும் தள்ளி வைத்ததில்லை. விறுவிறுவென்று குசினிக்குள் போனான். சர்க்கரைப்பாணி, உப்பு, ஊறவைத்த புண்ணாக்கு எல்லாம் போட்டுப் பிசைந்தான். எந்த மணத்தையும் மறைக்க அவனுக்குத் தெரியும். சீனி மறுபடி முகர்ந்தது. பிறகு ஆவலோடு தின்றது.

ஹமீமா படலையைத் திறந்து வந்தபோது சீனியின் இடப்பக்க வயிறு றபான் மேளம் போலப் புடைத்திருந்தது. கால்கள் நடுங்கின. வாயில் நுரை.

"என்னத்தப் போட்டீங்க?"

"நல்லாத்தான் தின்னிச்சி... மொதல்ல மணம் புடிக்கல்ல. நான் அத மறைச்சிட்டேன்."

"அந்த மணந்தானே அதுக்குக் காவல்!"

ஸாலிஹ் தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தான். "நானா, கத்தியோட வாங்க! உயிர் இரிக்கும்போதே அறுக்கணும்!" தானாகச் செத்தது இறைச்சிக்கு ஆகாது. அன்று பக்கத்து வத்தளையில் நின்ற ரிஷாத் சீக்கிரமே வந்து சேர்ந்தான்.

அதற்குள் ஹமீமா குசினியில் அச்சாறுக்கு வைத்திருந்த வினாகிரி கேனைத் தூக்கி வந்துவிட்டாள். வயிற்றில் பெருகிய அமோனியா இரத்தத்தில் ஏறினால்தான் சாவு. புளிப்பு அதைப் பிடித்து வயிற்றிலேயே நிறுத்தும், குளிர்ந்த தண்ணீர் மேலும் ஊறாமல் தடுக்கும். இரண்டையும் கலந்து போத்தலில் நிரப்பி, கடைவாயில் சொருகி, துளித்துளியாக ஊற்றினாள். அவசரப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

"ஹமீமா, நேரம் போகுது" என்றான் ரிஷாத். "செத்தா நாய்க்குத்தான்."

"நஞ்சு ஏறின இறச்சிய யாருக்கு விக்கப் போறீங்க மச்சான்?"

ரிஷாத் கத்தியைத் தாழ்த்தினான். ஸாலிஹ் படலைக்கும் கொட்டிலுக்கும் நடந்தான்.

"இரிங்க கொஞ்சம்!"

"ஏலா, புள்ள. சும்மா இரிக்க ஏலா."

"அப்ப தலையப் புடிங்க. நிமித்தாம, நேரா."

அவன் பிடித்தான். சீனியின் நடுக்கம் அவன் கைவழியே தோள்வரை ஏறியது. விடவும் முடியவில்லை, எதுவும் செய்யவும் முடியவில்லை. அடுத்த போத்தல் இறங்கியது. ரிஷாத் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தான்.

வெயில் மதிலை விட்டு இறங்கும் நேரத்தில் சீனி ஒரு நீண்ட ஏப்பம் விட்டது.

"கல்யாண வீட்டு ஏப்பம்!" என்று ரிஷாத் சிரித்தான். "டேய், ஒன்ட சாப்பாட்டுக்கு ஆடும் ஏப்பம் விடுது." கத்தியைத் துணியில் சுற்றினான். "வெள்ளிக்கிழம வாரேன். தவண தவணதான்."

வெள்ளிக்கிழமை வேன் வந்தபோது ஸாலிஹ் முற்றத்துப் பாயில் வைக்கோலைப் பரப்பி, கிளறி, முகர்ந்துகொண்டிருந்தான். மற்ற நாலு ஆடுகளும் பலா இலையோடு கலந்த, ஆறிய ஒரு பிடி வைக்கோலை மென்றுகொண்டிருந்தன. சீனிக்கு இலை மட்டும். எல்லாம் தின்று முடித்து இன்னும் வேண்டுமென்று கத்தின.

ரிஷாத் வெறுமையான தொட்டியைப் பார்த்துவிட்டு வேன் கதவைச் சாத்தினான். "தின்னுதுதானே. இன்னும் போடேன்."

"ஏலா, நானா." ஸாலிஹ் ஒரு கைப்பிடியை மூக்கருகே கொண்டுபோய், முகத்தைச் சுளித்து, பாயிலேயே உதறினான். "இது இன்னும் ஆறல்ல."