கூரைக்கு எந்தத் தண்ணீர்

1

இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடை பெஞ்சின் காலுக்கு அடியில் கிடைத்தது. மரக்காணத்தில், உப்பளங்களைப் பார்த்தபடி இருக்கும் அம்சவல்லியின் கடை. பெஞ்சு ஆடாமலிருக்க அவர் ஒரு காங்கிரீட் கட்டியை முட்டுக் கொடுத்திருந்தார். எல்லாப் பக்கமும் ஒரே அளவு. மேலே ஆணியால் கீறிய தேதி, பாதி தேய்ந்திருந்தது.

"இது ஏதும்மா?"

"அதுவா சார்? குப்பத்துல புயல் காப்பகம் கட்டுனாங்கல்ல, அங்க மிச்சமாச்சு. உடைக்கறதுக்குன்னே செய்வாங்களாம். இது மட்டும் எப்படியோ தப்பிச்சிக்கிச்சு."

உடைப்பதற்கென்றே செய்கிற பொருளா! என் டீ ஆறிப்போனது.*

(* விசாரித்ததில் தெரிந்தது: கட்டடத்துக்குப் போடும் கலவையிலேயே கொஞ்சம் எடுத்து அச்சில் ஊற்றி இறுகவைத்து, நாள் வந்ததும் இயந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எவ்வளவு பாரம் தாங்கி உடைகிறதோ, அதுதான் மார்க். பெயர் கியூப். எழுத்தாளர்களுக்கு இந்த வசதி கிடையாது. எங்கள் கட்டடம் நேராக வாசகர் தலையில்தான் விழும்.)

இதுவரை நடந்தது. இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "வானம் கறுத்துக்கொண்டு வந்த அந்தக் காலையில்—"

வேண்டாம். வானம் கறுத்தாலே நீங்கள் உஷாராகிவிடுவீர்கள்.

இரண்டாவது: "ரெண்டு மூட்டை சிமெண்டைக் குறைச்சுப் போடச் சொல்லிவிட்டு இன்ஜினியர் கண்ணாயிரம் சிரித்தபோது—"

இந்தக் கண்ணாயிரத்தோடு ஒரு வாரம் மல்லுக்கட்டினேன். கெட்டவன் ஒருவன் கிடைத்துவிட்டால் கதை தானாக ஓடுகிறது. ஆனால் எனக்குத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமே இல்லை. ஆகவே அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டேன்.

அவர் இடத்துக்கு இலக்கியா வந்தாள். பெருமுக்கல் பெண், தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். அவள் சரி என்று சொல்லாமல் காப்பகத்தின் கூரைக்குக் காங்கிரீட் போடக்கூடாது. எதிரே மேஸ்திரி பாவாடை, அதே குப்பத்துக்காரர், சின்ன வயதில் உப்பளத்தில் வேலை பார்த்தவர். இருவருமே நல்லவர்கள். இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.

3

கம்பி கட்டியாயிற்று. ஆட்கள் வந்தாயிற்று. மிக்சர் மிஷினுக்குச் சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, தேங்காயும் உடைத்தார்கள். இலக்கியா கையிலும் ஒரு பத்தை வந்தது. தின்றுவிட்டு, கலவைக்கு வைத்திருந்த டிரம்மிலிருந்து ஒரு கை அள்ளி வாய் கொப்பளித்தாள். தேங்காய் தின்ற வாய்க்குச் சட்டென்று தெரிந்தது.

"மேஸ்திரி, இது லாரித் தண்ணியா?"

"லாரி வழியிலயே ஆக்சில் ஒடிஞ்சி நின்னுடுச்சி மேடம். வேற லாரி நாளைக்குத்தான். இது நம்ம போர் தண்ணி."

"உப்பா இருக்குதே."

பாவாடை ஒரு மடக்கு குடித்தார். மெதுவாக, நேர்மையாக, ருசி பார்த்து.

"நல்ல தண்ணி மேடம். உப்புத் தண்ணின்னா எனக்குத் தெரியாதா? எங்க ஊர்ல குடிக்கறதே இதுதான்."

அவர் பொய் சொல்லவில்லை. இந்த இடத்தை நான் பலமுறை திருத்தி எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அவர் பொய் சொல்ல மறுத்துவிட்டார். உப்புப் பாத்தியில் காய்ந்து காய்ந்து கெட்டியாகிற நீரை நாக்கில் வைத்துப் பழகியவருக்கு, அதைவிடக் குறைந்ததெல்லாம் நல்ல தண்ணீர்தான். கடலைவிட்டுத் தள்ளிப் பெருமுக்கலில் வளர்ந்த இலக்கியாவின் நாக்குக்கு அது உப்பு. தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் புதுச்சேரிக்கு அனுப்பினால் முடிவு வர இரண்டு நாளாகும். மழையோ நாளைக்கே என்று சொல்லிவிட்டார்கள்.

"கியூப் போட்டுப் பாத்துக்கலாம் மேடம். கண்டிப்பா பாஸ் ஆவும்."

"ஆவும் மேஸ்திரி. அதான் எனக்குக் கவலையே. உப்பு திங்கறது கம்பிய. கியூபுக்குள்ள கம்பி ஏது?"

(இதைத் தெரிந்துகொண்ட அன்று நான் வேறு வேலை பார்க்கவில்லை. சோதனைக்கு வைத்த கட்டி உண்மையைத்தான் சொல்கிறது. கேட்ட கேள்விக்கு மட்டும் சொல்கிறது. கம்பி உள்ளேயே துருப்பிடித்து, ஊதி, பத்துப் பதினைந்து வருடம் கழித்துக் கூரையைப் பெயர்த்துத் தள்ளும்.)

4

இலக்கியாவை நான் முழுதாக நம்பவில்லை. விதியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அதனால் பாவாடைக்கு ஒரு மனைவியைக் கொடுத்தேன், சாமுண்டீஸ்வரி. கார்த்திகையில் பிரசவம். போன புயலில் அவர்கள் வீட்டுக் கூரைத் தகடு பறந்துபோய் உப்பளத்தில் விழுந்தது. ராத்திரி முழுக்க இருவரும் நனைந்துகொண்டு கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் பிடித்திருந்தார்கள்.

இது வாசகரை வசியம் பண்ணும் வேலை, தெரியும். ஆனால் கொடுத்த பிறகு திரும்ப வாங்க மனம் வரவில்லை.

"இன்னிக்கி விட்டா தை பொறந்துதான் மேடம் போட முடியும்," என்றார் பாவாடை. "அதுவரைக்கும் ஊர் சனம் எங்க போவும்? இந்த மழைக்குக் கூரை வேணுமா, பதினஞ்சு வருஷம் கழிச்சி வர்ற மழைக்குக் கூரை வேணுமா? நீங்களே சொல்லுங்க."

இலக்கியாவின் வாயில் வைக்க ஒரு பதில் தேடினேன். என்னிடமே இல்லை.

5

முடிவு ஒன்று: நிறுத்திவிடுகிறாள். மழை வருகிறது. காப்பகம் கூரையில்லாமல் கம்பியும் கையுமாக நிற்கிறது. சாமுண்டீஸ்வரியை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு—

முடிவு இரண்டு: போடச் சொல்கிறாள். கூரைக்கடியில் குழந்தை பிறக்கிறது. பத்தாவது படிக்கும் வயதில், இன்னொரு புயலில், அதே குழந்தை அதே கூரைக்கடியில் படுத்திருக்கும்போது மேலே—

இரண்டையும் பாதியில் விட்டேன். முழுதாக எழுதக் கை வரவில்லை.

6

நிஜத்தில் என்ன நடந்தது என்று அறிய மறுபடி டீக்கடைக்குப் போனேன். அம்சவல்லிக்குத் தெரியவில்லை. அவர் உள்ளே போன நேரம் பார்த்து, வெட்கத்தை விட்டு, குனிந்து அந்தக் கட்டியை நக்கியும் பார்த்துவிட்டேன். உப்புக் கரித்தது. நிமிர்ந்து என் முழங்கையை நக்கினேன். அதுவும் கரித்தது. இந்தக் காற்றில் கரிக்காதது எது?

"புயல் வந்தா நீங்க எங்கம்மா போவீங்க?"

"காப்பகத்துக்குத்தான் சார். வேற எங்க?"

மேலே பார்த்தபடி படுப்பீர்களா என்று கேட்க நினைத்தேன். டீக்குக் காசைக் கொடுத்தேன்.

எனவே முடிவை உங்களிடம் தருகிறேன். ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ஒரு நிபந்தனை: அதைச் சொல்லி முடித்ததும் அம்சவல்லிக்குப் பக்கத்தில் நீங்களும் பாய் விரித்துப் படுக்க வேண்டும். அது கூரைக்கு அடியிலா, மழைக்கு அடியிலா என்பது உங்கள் சொல்லைப் பொறுத்தது.

சொன்னதற்கு ஒரு நாள் முன்பே முதல் தூறல் விழுந்தது. ஆட்கள் எல்லாரும் இலக்கியாவின் முகத்தையே பார்த்தார்கள். அவள் வாயில் இன்னும் தேங்காயின் இனிப்பும் உப்பும் இருந்தன.

"மேஸ்திரி," என்றாள், "மிஷின—