மார்கழியில் நிறையும் ஏரிகள்

விண்ணிலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து நிலத்தைப் பற்றிச் சொல்வதுதான் நதீஷாவின் வேலை. ரொறன்ரோ நகரின் நடுவில், ஒன்பதாம் மாடியில், பன்னிரண்டு பேர் மட்டும் வேலை செய்யும் சின்ன நிறுவனம். அஜக்ஸிலிருந்து தினமும் ரயிலில் வந்துபோவாள்.

ஆவணி மாதம் ஒரு நிவாரண அமைப்பு அவர்களிடம் உதவி கேட்டது. ஆபிரிக்காவின் வறண்ட பகுதி ஒன்றில், சண்டைக்குத் தப்பி வந்த முந்நூறு குடும்பங்களுக்குக் கூடாரம் போட வேண்டும். ஆற்றுக்குக் கிட்டவாக, மேடுபள்ளமில்லாத நிலம் வேண்டும். படம் முழுக்கச் செம்மண் நிறம். நடுவே மெல்லிய ஓர் ஆறு. அதன் ஒரு பக்கத்தில் வெளிறிய, தட்டையான திட்டுகள் ஏழு. அவற்றில் பெரியதை நதீஷா தெரிவு செய்தாள்.

மாதத்துக்கு ஒன்றாக ஐந்து வருடத்துப் படங்களையும், அதாவது அறுபதையும், திறந்து பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. அன்று வெள்ளிக்கிழமை. பிறம்ரனில் அவள் போக வேண்டிய கலியாண வீடு ஒன்று இருந்தது. அவள் நாலு படம்தான் திறந்தாள். நாலும் கோடையில் எடுத்தவை. 'அறுபதும் பார்க்கப்பட்டன' என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டாள்.

அவளுடைய வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்து வைப்பவர் எட்வேட். ஐம்பதை நெருங்கியவர், அவளைப் போலவே மன்னார்ப் பக்கம். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை, உது காய்ஞ்ச ஏரி மாதிரியெல்லோ கிடக்குது? ஆத்திலயிருந்து வாய்க்கால் தடம் ஒண்டும் போகுது."

"அண்ணை, அங்க மழையே இல்லை. அறுபதும் பார்த்திட்டன்."

"எல்லா மாதமும்?"

"ஓம் அண்ணை, ஓம்." எரிச்சலைக் குரலில் காட்டினாள்.

அவர் கையெழுத்து வைத்தார்.

மார்கழி இரண்டாம் கிழமை செய்தி வந்தது. கூடாரங்கள் நின்ற இடத்தில் ஒரு துளி மழையும் பெய்யவில்லை. எழுநூறு கிலோமீற்றருக்கு அப்பால் மலையில் பெய்த மழை, மாதக்கணக்கில் ஆற்றோடு வந்து, அந்த வாய்க்காலால் திரும்பி ஏரியை நிறைத்துவிட்டது. வருடாவருடம் அப்படித்தான் நிறையுமாம். சனம் உயிர் தப்பியது. ஆடுகளும் மா மூட்டைகளும் கூடாரங்களும் போய்விட்டன. பிள்ளை பெற்று மூன்று நாளான ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்களாம். அங்கே ஆடு மேய்ப்பவர்கள் ஆரம்பத்திலேயே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அமைப்பினர் கனடாவிலிருந்து வந்த அறிக்கையைக் காட்டி அவர்களுடைய வாயை அடைத்துவிட்டார்கள்.

மேலாளர் றெபேக்கா இருவரையும் அறைக்குள் கூப்பிட்டாள். இதற்கு யார் பொறுப்பு என்று கேட்டாள்.

"கையெழுத்து என்னுடையது" என்றார் எட்வேட். பிறகு நதீஷாவின் பக்கம் திரும்பிப் பார்த்தார். நதீஷா குனிந்த தலை நிமிரவில்லை.

விசாரணை முடியும்வரை அவரை வீட்டில் நிற்கச் சொன்னார்கள். தன் சாமான்களை இரண்டு பைகளில் போட்டு இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு அவர் வெளிக்கிட்டார். நதீஷா ஓடிப்போய் லிஃப்ற் கதவு மூடாமல் பிடித்துக்கொண்டாள். "தாங்ஸ் பிள்ளை" என்றார்.

அன்று மாலை சமையலறையில் தாய் பேர்ணடெற்றிடம் விசயத்தைச் சொன்னாள். தன் கதையாகச் சொல்ல வாய் வரவில்லை. வேலையில் ஒருத்தி இப்படிச் செய்துபோட்டாள் என்று சொன்னாள்.

பேர்ணடெற் வெங்காயம் உரித்தபடியே கேட்டார். "பாவம், உவளுக்கு என்ன தெரியும்? அங்க ஊரில, அகதி முகாமில எங்கட கூடாரத்துக்குள்ள வெள்ளம் வரேக்க, நீ அரிசிப் பையைத் தலையில வைச்சுக்கொண்டு எவ்வளவு நேரம் நிண்டனி! உவளுக்கு அப்பிடி ஒண்டும் நடந்திருக்காது. அதுதான் யோசிக்கேல்லை."

"நடந்தது அம்மா" என்றாள் நதீஷா. "நான்தான் அது."

பேர்ணடெற்றின் கை நின்றது. ஏசுவார் என்று நதீஷா காத்திருந்தாள். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவர் அடுப்பை நிறுத்தினார், கையைக் கழுவினார், தன் அறைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை நதீஷா றெபேக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நாலு படம், கலியாண வீடு, எட்வேட் கேட்ட கேள்வி, தான் சொன்ன பொய். றெபேக்கா அவளை வேலையால் நிறுத்தவில்லை. ஆனால் தனியாக அறிக்கை எழுதும் பொறுப்பைப் பறித்தாள். நடந்ததை அவளுடைய பெயரிலேயே அந்த அமைப்புக்கு எழுதச் சொன்னாள். நதீஷா எழுதினாள். நாலு நாளில் பதில் வந்தது. அதில் கோபமாக ஒரு வரிகூட இல்லை. தண்ணீர் எப்போது எதுவரை வரும், எங்கே வராது என்று புதிதாக ஒரு வரைபடம் போட்டுத் தரும்படி மட்டும் கேட்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை எட்வேட் திரும்பி வந்தார். நதீஷா அவருடைய மேசைக்குப் போனாள்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பிழை ஆருக்கும் வரும்" என்றார். "ஆனா அந்த அறைக்குள்ள நான் உம்மைப் பார்த்தனான். நீர் நிமிரேல்லை."

நதீஷா தன் மேசைக்குத் திரும்பிப் போனாள்.

புதிய வரைபடத்துக்கும் அவர்தான் கையெழுத்து வைக்க வேண்டும். இந்த முறை நதீஷா அறுபதையும் பார்த்து, ஒவ்வொரு மாதத்துக்கும் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். எட்வேட் அந்தக் குறிப்பை ஒரு பக்கமாகத் தள்ளிவைத்தார். அவளைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, முதல் படத்திலிருந்து தானே ஒவ்வொன்றாகத் திறந்தார். ஐப்பசியில் வாய்க்கால் நனைந்தது. கார்த்திகையில் சின்னத் திட்டுகள் இரண்டு கறுத்தன. மார்கழியில் ஏழும் நீலமாக நிறைந்து கிடந்தன, குழந்தைக்கும் தெரியும்படி. எட்வேட் அடுத்ததைத் திறக்கப் போனார். இன்னும் நாற்பத்தெட்டு இருந்தன. முகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நதீஷா அவர் பக்கத்திலேயே இருந்தாள்.