வரப்பை வெட்டியவள்

தண்ணீர் முறை வந்து வயலில் கட்டிய நாலாம் நாள், அத்தனை தண்ணீரையும் வரப்பை வெட்டி வடிகாலில் விட்டாள் இளவரசி. பக்கத்து வயல் ரத்தினம்மாள் அந்த நேரம் பார்த்து ஆட்டைத் தேடி வந்தாளாம். ஆடு அவள் வீட்டுக் கொட்டாயில்தான் கட்டிக் கிடந்தது, அதை விடுவோம்.

"ஏண்டி, கீரப்பாளையமே தண்ணிக்கு அடிச்சிக்குது, நீ கடலுக்கு அனுப்புறியா? அன்னிக்கி பத்து மூட்ட சீலிங் மாவு கொட்டுன, இன்னிக்கி இதுவா?"

"அது ஜிப்சம்க்கா. கல்யாண மண்டபத்து சீலிங்கும் அதான். அதுக்காவ நெல்லு வேணாங்குமா?"

ரத்தினம்மாள் போனை எடுத்தாள்.

அரை மணியில் சிதம்பரத்து மொபைல் கடையிலிருந்து இளவரசியின் புருஷன் செந்தமிழ்செல்வன் பைக்கில் வந்து இறங்கினான். இளவரசிக்கு அவள் அப்பா எழுதிவைத்த அந்த ஐம்பது சென்டும் உப்புப் பூத்த களர். மூன்று வருஷமாக நட்டதெல்லாம் கருகியது. இந்த வருஷமும் கருகினால் மனை போடக் கொடுத்துவிடலாம் என்று இளவரசியே வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவன் மண்வெட்டியோடு மடையை அடைக்கப் போனான்.

"இரு மாமா." வரப்பில் மூடி வைத்திருந்த இரண்டு கண்ணாடி டம்ளர்களை நீட்டினாள். "ரெண்டுலயும் நம்ம மண்ணுதான், காலையில கலக்கி வெச்சேன்."

ஒன்று டீ மாதிரி கலங்கியே இருந்தது. மற்றதில் மண் அடியில் குந்தி, மேலே தண்ணீர் தெளிந்திருந்தது.

"இதுல மட்டும் ஒரு சிட்டிக ஜிப்சம். மண்ணக் கெடுக்கிற சோடியத்தப் புடுங்கித் தண்ணில வுட்டுடும். தண்ணிய வெளியேத்தலன்னா அது அங்கியே தங்கிடும். வேளாண் ஆபீஸ் மேடம் சொன்னாங்க. கடல்தண்ணி வத்துறப்ப உப்புக்கு முன்னாடி இந்த ஜிப்சந்தான் படியுமாம்."

"உப்ப வெரட்ட உப்போட பொறந்ததையே கூட்டியாந்தியா?" என்றாள் ரத்தினம்மாள்.

செல்வன் நம்பாமல் இரண்டையும் குலுக்கி வைத்தான். கடையிலிருந்து வந்த போனைப் பேசி முடிப்பதற்குள் ஜிப்சம் போட்டது மறுபடி தெளிய ஆரம்பித்தது. தப்பு என்று வாயால் சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை. மடையை இன்னும் ஒரு முழம் அகலமாக வெட்டினான்.

அதற்குப் பிறகும் இரண்டு தரம் தண்ணீர் கட்டி வடித்தார்கள். நட்டு இருபதாம் நாள், மேற்கு மூலையில் ஒரு பாய் அகலம் மட்டும் வெளுத்திருந்தது. மீதியெல்லாம் பச்சை. மனை புரோக்கரின் போனை செல்வன் எடுப்பதில்லை.

ரத்தினம்மாள் அன்றைக்கும் ஆட்டைத் தேடித்தான் வந்தாள். முந்தானையில் ஒரு பிடி மண் முடிந்திருந்தது.

"ஒன் டம்ளரு சும்மாதான கெடக்குது?"