மாரிக்கண்ணனின் டயர் செருப்பு

அந்த மாதம் பட்டாசுக் கம்பெனிகள் எல்லாம் அடைத்துக் கிடந்தன. எங்கோ ஒரு ஷெட் வெடித்து, ஆட்கள் செத்து, அதற்குப் பிறகு அதிகாரிகளுக்குச் சட்டம் ஞாபகம் வந்திருந்தது. எப்போதும் நடப்பதுதான். ஆள் ஏற்ற வரும் வேன் வரவில்லை. ஊர்ப் பெண்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். பாண்டிச்செல்விக்குக் கிடைத்தது சுரங்கத்தில் முள் வெட்டுகிற வேலை.

தாயில்பட்டி போகிற வழியில், பொட்டலுக்கு நடுவே, இருபது வருஷத்துக்கும் மேலாகப் பாழடைந்து கிடந்த சுண்ணாம்புக்கல் சுரங்கம் அது. வாசலே தெரியாமல் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. சிவகாசியில் அச்சகம் நடத்தும் ஹரிபிரசாத்துக்குத் திடீரென்று ஓர் ஆசை. தாத்தா நடத்திய சுரங்கம் வீணாகக் கிடக்கிறதே, சுத்தம் செய்து விளக்குப் போட்டால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்களே என்று. வசதி வந்த பிறகு மனிதர்களுக்குப் பழைய சாமான் மேல் ஒரு பாசம் வரும். அவனுக்கும் வந்திருந்தது. நல்ல பையன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று இருந்தவள் பாண்டிச்செல்வி. அவள் புருஷன் மாரிக்கண்ணன் கடைசியாக வேலை பார்த்த இடம் அது. அங்கே இருந்துதான் அவன் ஓடிப்போனான்.

ஓடிப்போனான் என்றுதான் ஊர் சொன்னது. தாயில்பட்டியில் டீக்கடை வைத்திருந்த ஒருத்தியோடு அவனுக்குப் பழக்கம் என்று முன்னமே பேச்சு இருந்தது. ஒருநாள் சாயங்காலம் சுரங்கத்தில் வெடி போட்டபோது உள்ளே கூரை சரிந்துவிட்டது. அன்று வேலைக்குப் போன மாரிக்கண்ணன் வீடு திரும்பவில்லை. பாண்டிச்செல்வி கைப்பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேஸ்திரி ரத்தினசாமி வீட்டுக்கு ஓடினாள். "எல்லாரும் வெளிய வந்தாச்சு தாயி. ஒருத்தன்கூட உள்ள இல்ல. அம்மன் சத்தியமாச் சொல்லுதேன்" என்றார் அவர். அதே வாரம் டீக்கடைக்காரியும் கடையைக் காலிசெய்துவிட்டு வெளியூர் போனாள். அப்புறம் யாருக்கும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உயிர்ச்சேதம் இல்லாமல் காப்பாற்றியதற்காகச் சுரங்க வாசலில் இருந்த அம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். சுரங்கத்தை அதோடு மூடினார்கள். அந்தப் பொங்கலைப் பாண்டிச்செல்வியும் கையேந்தி வாங்கிச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து அவள் வாழாவெட்டி. பூவும் பொட்டும் வைத்துக்கொள்ளலாம், புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறானே. நல்ல காரியத்தில் முன்னால் நிற்க முடியாது, புருஷன் விட்டுட்டுப் போனவள் ஆயிற்றே. மகள் வேல்விழியைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் காபி குடித்து முடித்துவிட்டு ஒரே கேள்வியைக் கேட்டார்கள். அப்பா எங்கே? கடைசியில் சாத்தூர்ப் பக்கம் ஒரு ரெண்டாந்தாரத்துக்குத்தான் அவளைக் கொடுக்க முடிந்தது. அந்தக் கல்யாணத்தன்று ராத்திரி பாண்டிச்செல்வி மாரிக்கண்ணனை வைத வசவுகளை எழுத்தில் எழுத முடியாது.

முள் வெட்டி முடித்ததும் சுரங்கத்தின் வாய் கறுப்பாகத் திறந்துகொண்டது. ஹரிபிரசாத்தும் அவன் கூட்டி வந்த இன்ஜினியரும் தலையில் விளக்கு மாட்டிய தொப்பியோடு உள்ளே போனார்கள். வழி காட்ட ரத்தினசாமி. அவருக்கு இப்போது முதுகு வளைந்து, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பின்னால் விளக்குமாறும் கூடையுமாகப் பாண்டிச்செல்வியும் அய்யம்மாளும். அய்யம்மாள் அவளுக்குப் பக்கத்து வீடு.

உள்ளே வௌவால் எச்சத்தின் நாற்றம் மூக்கைத் துளைத்தது. சுவரில் தண்ணீர் கசிந்து வெள்ளையாகப் படிந்திருந்தது. கல் ஏற்றித் தள்ளுகிற இரும்புத் தொட்டி ஒன்று தண்டவாளத்தின் மேலேயே துருப்பிடித்து நின்றது. சுவரெங்கும் உளி போட்ட தடம். பாண்டிச்செல்வி அவற்றைப் பார்க்காமல் தரையைக் கூட்டினாள். இதில் எது அவன் கை என்று யோசிக்க அவளுக்கு இஷ்டமில்லை.

ஒரு வளைவில் வழி நின்றது. பாறைகள் கூரை வரைக்கும் சரிந்து அடைத்திருந்தன.

"அந்தால உள்ள இன்னும் தூரம் போகும் தம்பி" என்றார் ரத்தினசாமி. "கடைசியா வெட்டுனது அங்கனதான்."

இன்ஜினியர் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "இதைத் தொடவே கூடாது. இங்கேயே ஒரு கான்கிரீட் சுவர் எழுப்பி நிரந்தரமா மூடிருவோம். இதுவரைக்கும் ஜனங்க பார்த்தாப் போதும். சாயங்காலம் கலவை மெசின் வந்துரும்."

வெளியே வந்ததும் ஹரிபிரசாத் ரத்தினசாமியை வாசலில் நிறுத்திவைத்துப் போனில் படம் எடுத்தான். அந்தக் காலத்தில் எப்படி வேலை செய்தீர்கள், வருகிற பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள் என்றான். பெரியவருக்கு அன்றைக்குத்தான் வயசு திரும்பியது. குரலை ஏற்றிப் பேசினார். பெண்கள் டீ குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"உள்ள வளைவுக்கு அந்தப்பக்கம் நின்னா இங்கன கத்துறது கேக்காது. விசில் ஊதுனாலும் கேக்காது. அப்ப வெடி போடுறதுக்கு முன்னாடி எல்லாரும் வந்துட்டாகளான்னு எப்படித் தெரியும்? செருப்புதான் கணக்கு. அம்மன் இருக்க இடம், செருப்புக் காலோட உள்ள போகமாட்டாக. வாசல்ல கழட்டிப் போட்டுட்டுப் போவாக, வரும்போது மாட்டிட்டுப் போவாக. நான் வந்து பாப்பேன். ஒரு சோடி கெடந்தாலும் ஒருத்தன் உள்ள இருக்கான்னு அர்த்தம். வெடிக்க விடமாட்டேன். வெறுந்தரையா இருந்தாத்தான் கையக் காட்டுவேன். என் காலத்துல அதுல ஒருதடவைகூடத் தப்பு வந்ததில்ல."

பாண்டிச்செல்வி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாசல் தரையைப் பார்த்தாள்.

ஹரிபிரசாத் துள்ளினான். "மேஸ்திரி, இது பிரமாதம்! இதை அப்படியே வாசல்ல வச்சிருவோம். பழைய செருப்பா வரிசையா. பாக்குறவங்களுக்கு அப்படியே புரியும்." பெண்கள் பக்கம் திரும்பினான். "அக்கா, யார் வீட்டுலயாவது ஆம்பளைங்களோட பழைய செருப்பு கிடக்குதா? டயர் செருப்பா இருந்தா இன்னும் நல்லது. மத்தியானம் கொண்டாந்து குடுங்க."

"டயர் செருப்பு இப்ப யாரு வச்சிருக்கா?" என்று அய்யம்மாள் சிரித்தாள்.

பாண்டிச்செல்வி வைத்திருந்தாள்.

சுரங்கக் கூரை சரிந்த அன்று மத்தியானம் அவள் மாரிக்கண்ணனுக்குத் தூக்குவாளியில் சோறு கொண்டு வந்தாள். முந்தின ராத்திரி டீக்கடைக்காரியை வைத்துப் பெரிய சண்டை. அப்போதும் கோபம் அடங்கவில்லை. வழக்கம்போலத் தூக்கை வேப்பமரத்தடியில் வைத்தபோது வாசலில் அவன் செருப்பு கிடப்பதைப் பார்த்தாள். வார் அறுந்த இடத்தில் வெடி போடுகிற மஞ்சள் வயரைக் கோத்துக் கட்டியிருப்பான், ஆயிரம் செருப்பிலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம். வேலை முடிந்து இந்தச் செருப்பை மாட்டிக்கொண்டுதானே தாயில்பட்டிக்குப் போவான்? சித்திரை வெயிலில் பொட்டல் தரை கொதிக்கும். வெறுங்காலோடு போகட்டுமே பார்ப்போம். பொத்திக்கொண்டு வீட்டுக்குத்தான் வருவான். முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வழியெல்லாம் சிரிப்பு வேறு வந்தது.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் என்ன ஆகும்? செருப்பை ஒளித்து வைத்தும் வெறுங்காலோடு டீக்கடைக்காரியிடம் ஓடினானா என்று ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அந்த ஒரு அவமானத்தையாவது தனக்குள் வைத்துக்கொள்ளலாம் என்று பரண் மேல் எறிந்தாள். பட்டாசுக் கம்பெனியிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அறைக்குள் போகிறாள், தினமும். சுரங்கத்தில் அது சாமிக்காக என்று நினைத்திருந்தாள். ஆம்பளைகள் வேலை செய்கிற இடத்தின் கணக்கை அவளுக்கு யார் சொன்னார்கள்?

இப்போது மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு நடந்தாள். பரணில் கைவிட்டுத் துழாவியதும் சாக்குக்குள் அகப்பட்டது. டயர் செருப்பு உழைக்கும் என்று மாரிக்கண்ணன் சொன்னது பொய்யில்லை. வயரின் மஞ்சள்கூட மங்கவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

பேசாமல் இருந்துவிடலாம். சாயங்காலம் சுவர் எழும்பிவிடும். ஓடிப்போனவன் ஓடிப்போனவனாகவே இருப்பான், அவள் பாவப்பட்டவளாகவே இருப்பாள். இத்தனை வருஷம் பழகிப்போன நிலைமைதான் அது. வாயைத் திறந்தால் அவனைக் கொன்றவள் ஆவாள். வேல்விழியிடம் எந்த முகத்தோடு சொல்வது? உன் அப்பன் ஓடவில்லை, நான்தான் அவனை உள்ளே வைத்துப் பூட்டினேன் என்றா?

இன்னொரு நினைப்பும் வந்தது, அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவன் எல்லாரோடும் வெளியே வந்திருப்பானோ? வாசலில் செருப்பைக் காணாமல், எந்தப் பயலோ விளையாட்டுக்கு உள்ளே கொண்டுபோய்ப் போட்டுவிட்டான் என்று தேடித் திரும்பப் போயிருப்பானோ? வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். அவனை வைத வசவு ஒவ்வொன்றும் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கலவை மெசின் வந்திருந்தது. சிமென்ட் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஹரிபிரசாத் நாலைந்து பழைய ரப்பர் செருப்புகளைச் சோடி சோடியாக அடுக்கிவைத்து, தள்ளி நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தான். பாண்டிச்செல்வி குனிந்து, தன் கையிலிருந்ததை வரிசையில் வைக்காமல், வாசலுக்கு இடப்பக்கம், கல்லோரமாக வைத்தாள். அன்றைக்கு அது கிடந்த இடம் அதுதான்.

"அடடே, அசல் டயர் செருப்பு! எங்கக்கா பிடிச்சீங்க?" என்றான் ஹரிபிரசாத்.

அம்மன் கல்லடியில் உட்கார்ந்திருந்த ரத்தினசாமி எழுந்து வந்தார். ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு குனிந்தார். மஞ்சள் வயரை விரலால் தொட்டார்.

"இது மாரிக்கண்ணன் செருப்புல்ல?"

"ஆமாய்யா."

"அவன்தான் மாட்டிட்டுப் போயிட்டானே. தரை வெறுந்தரையாக் கெடந்துச்சே. நான் பாத்தேனே."

"அவுக மாட்டலய்யா. மத்தியானம் சோறு கொண்டாந்தேன்ல, நான்தான் எடுத்துட்டுப் போனேன். தாயில்பட்டிக்குப் போயிரக் கூடாதுன்னு எடுத்துட்டுப் போனேன். வீட்டுலதான் கெடந்துச்சு, அம்புட்டு வருசமும்."

கிழவர் நிமிரவில்லை. குனிந்த வாக்கிலேயே கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றார். அன்றைக்குக் கையைக் காட்டியது அவர்தான். அம்மன் மேல் சத்தியம் செய்ததும் அவர்தான். அவரைப் பார்த்தபோது பாண்டிச்செல்விக்கு அந்த மனிதர் மீதும் இரக்கம் வந்தது.

மெசின் உறுமத் தொடங்கியது. உள்ளே சுவர் எழுப்ப இரண்டு ஆட்கள் சட்டிகளோடு வாசலுக்கு வந்தார்கள். ரத்தினசாமி திடீரென்று நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்து வழியை மறித்தார்.

"மெசின அமத்துங்கலே! உள்ள ஆள் இருக்கு!"

எல்லாரும் திகைத்தார்கள். ஹரிபிரசாத் சுற்றிலும் பார்த்தான். "யாரு மேஸ்திரி? எல்லாரும் இங்கதான நிக்கிறோம்?"

"வாசல்ல செருப்பு கெடக்குல்ல தம்பி" என்றார் அவர். சொல்லும்போதே குரல் உடைந்து, அங்கேயே சப்பென்று உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

யாரோ ஓடிப்போய் மெசினை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் அய்யம்மாளுக்கு மெதுவாக எல்லாம் விளங்கியது. "அடி பாவி மகளே!" என்று அலறிக்கொண்டு ஓடிவந்து பாண்டிச்செல்வியைக் கட்டிக்கொண்டாள். அழுதபடியே, இப்படிப்பட்ட நேரத்தில் பெண்கள் செய்வதைச் செய்ய, அவள் நெற்றிப் பொட்டை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள்.

பாண்டிச்செல்வி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருக்கட்டும் மதினி" என்றாள். "அவுக வெளிய வரட்டும்."

பிறகு செருப்புக்குப் பக்கத்தில், சுரங்கத்தைப் பார்த்து உட்கார்ந்தாள்.