எலி மாதிரி

சின்னவளுக்கு எதைப் பார்த்தாலும் அருவருப்பு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்று வீட்டில் சொல்வார்கள். பாலில் ஆடை மிதந்தால் குமட்டும். பஸ்ஸில் பக்கத்து ஆள் தும்மினால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவாள். அக்காவின் குழந்தைக்கு மூக்கு ஒழுகினால், தூக்கிய வேகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாள். அப்பா அவளுக்கு வைத்த பெயரே 'மூக்கு'. "இந்த மூக்கை வச்சுக்கிட்டு இவ எப்படித்தான் குடும்பம் நடத்தப் போறாளோ" என்று சிரிப்பார். அவள் குடும்பம் நடத்தவில்லை. ஒரு நாளிதழில் வாரம் ஒருமுறை வரும் அறிவியல் பக்கத்தை நடத்தினாள்.

அப்படிப்பட்டவள் கையில்தான் அந்த ஆராய்ச்சி வந்து விழுந்தது.

விஷயம் இதுதான். நம் குடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. வயதாக ஆக அந்தக் கூட்டம் மாறுகிறது. அந்த மாற்றத்துக்கும் மறதிக்கும் சம்பந்தம் உண்டோ என்று எங்கோ ஓர் ஆய்வகத்தில் சந்தேகம். இளம் எலிகளின் புழுக்கையை எடுத்துக் கரைத்து வடிகட்டி, மறதி வந்த கிழட்டு எலிகளின் வயிற்றுக்குள் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் மறைத்து வைத்த மேடையைக் கண்டுபிடிக்க முடியாமல் சுற்றிச் சுற்றி நீந்திய கிழடுகள், சில வாரங்களில் நேராகப் போய் ஏறி நின்றன. எல்லாம் அல்ல, சில. ஏன் என்று ஆராய்ந்தவர்களுக்கே இன்னும் பிடிபடவில்லை.

மூக்கைப் பொத்திக்கொண்டுதான் படித்தாள். ஆனாலும் நல்ல ஆராய்ச்சி. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு எழுதினாள். 'புழுக்கை' என்று எழுதக் கை கூசியது. குடும்பத்தோடு படிக்கிற பத்திரிகை ஆயிற்றே. 'இளம் குடல் நுண்ணுயிர்ச் சேர்மம்' என்று சுத்தமாகக் குளிப்பாட்டி எழுதினாள். மனிதர்களின் நோயை எலிக்கு வரவழைத்து, அந்த எலியை வைத்து நோயைப் படிப்பார்கள். ஆய்வகத்தில் அதற்குப் பெயர் 'எலி மாதிரி'. ஆகவே தலைப்பு: 'எலி மாதிரி ஆய்வில் திரும்பிய நினைவு'. கடைசிப் பத்தியில், மனிதர்களிடம் இது சோதிக்கப்படவில்லை, யாரும் இதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது என்றும் எழுதினாள்.

அச்சில் வந்தது இப்படி: 'ஆய்வில் திரும்பிய நினைவு! மறதிக்கு முடிவு!'

கட்டுரை முழுக்கத் தேடினாள். ஓர் எலி இல்லை. எலி ஓடிய தடம்கூட இல்லை. 'எலி மாதிரி' வந்த இடமெல்லாம் வழித்தெடுத்தது போலக் காணோம். 'கிழட்டு எலிகள்' இருந்த இடத்தில் 'முதியவர்கள்' உட்கார்ந்திருந்தார்கள். கடைசிப் பத்தி இருந்த இடத்தில் ஒரு மெத்தை விளம்பரம் படுத்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

செய்தியாசிரியருக்கு அலுவலகத்தில் 'கத்தரி' என்று பெயர். அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும், பெருமையும் உண்டு. டீயில் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டிருந்தார். பாதி பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சின்னவள் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"சார், 'எலி மாதிரி'யை ஏன் எடுத்தீங்க?"

"பின்ன? அது என்னம்மா, எலி மாதிரி, பூனை மாதிரின்னு சின்னப் பிள்ளைங்க பேச்சு? வயசானவங்க படிக்கிற விஷயம். எலி மாதிரி ஞாபகம் வந்துச்சுன்னா மனசு புண்படாதா?"

"அது உவமை இல்ல சார். எலியேதான். எலியில செஞ்ச ஆராய்ச்சி. அந்த எலிக்குப் பேருதான் எலி மாதிரி."

"எலிக்கே பேரு எலி மாதிரியா?" கத்தரி விரலை நக்கினார். "அப்ப எலி எது?"

பக்கத்து மேசையில் சிரிப்பு. சின்னவளுக்குக் காது சுட்டது.

"மறுப்பு போடணும் சார். ஜனங்க மருந்தை நிறுத்திடுவாங்க."

"யாரும்மா அவ்வளவு கவனமா படிக்கிறா? நாளைக்கு இதுலதான் கண்ணாடி துடைக்கப் போறாங்க. சரி, சரி, மூஞ்சியத் தூக்காத. அடுத்த வாரம் திருத்தம் போட்டுடலாம்."

போட்டார். சொன்ன சொல் தவறவில்லை. பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்: 'சென்ற வாரக் கட்டுரையின் தலைப்பில் எலி மாதிரி என்ற சொற்கள் விடுபட்டுவிட்டன. வருந்துகிறோம்.' அவ்வளவுதான். யாரை எலி மாதிரி என்கிறீர்கள் என்று கேட்டு மூன்று நான்கு பேர் போன் செய்தார்கள். சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள். கத்தரியை நினைத்தாலே நனைந்த பிஸ்கட் நினைவுக்கு வந்தது, குமட்டியது. அதோடு அவளும் அடுத்த வாரக் கட்டுரையில் இறங்கிவிட்டாள். அது தேனீக்களைப் பற்றியது, கொஞ்சம் சுத்தமான விஷயம்.

அப்பா அக்கா வீட்டில் இருந்தார். மறதி நோய் வந்து ஒரு வருஷம் ஆகிறது. டாக்டர் கொடுத்த மாத்திரை நோயைத் தீர்க்காது, ஆனால் சரிவைக் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும். நடுவில் நிறுத்தக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அப்பாவுக்குப் பேரன்களின் பெயர் போய்விட்டது, வீட்டு வழி போய்விட்டது. ஆனால் சின்னவள் வாசலில் தலையைக் காட்டினால் போதும், "வந்துட்டியா மூக்கு" என்பார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் போவாள். போனாலும் வாசல் நிலையோடு சரி. படுக்கையிலேயே நனைத்துவிடுகிறவரின் அறை வாடை அவளை உள்ளே விடாது. அங்கிருந்தே பேசிவிட்டு, பழங்களை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். இந்தத் தடவை வேலை என்று சாக்குச் சொல்லி இரண்டு மாதம் போகவில்லை.

அக்காதான் போன் செய்தாள்.

"அப்பாவுக்கு வயித்தால போகுதுடி. நிக்கவே மாட்டேங்குது. உடம்புல இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போகுதாம், பயப்படாதீங்கன்னு சொல்றாங்க. ஆனா எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. நீ கொஞ்சம் வந்து பாரேன்."

"யாரு சொல்றாங்க? டாக்டரா?"

"பொடிக்காரங்க."

போய் இறங்கியபோது அக்கா சமையலறையில் நின்றிருந்தாள். அலமாரியில் சர்க்கரைக்கும் உப்புக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. 'இளங்குடல் நினைவுப் பொடி'. பளபளவென்ற உறையில் சிரிக்கும் கிழவர். அவருக்கு மேலே, அச்சுப் பிசகாமல், 'ஆய்வில் திரும்பிய நினைவு! மறதிக்கு முடிவு!' அதற்குக் கீழே அவள் பெயர்.

சின்னவள் மூடியைத் திறந்தாள். பழுப்பு நிறப் பொடி. ஈரச் சாக்கும் புளித்த மாவும் கலந்த வாடை. சட்டென்று மூடினாள். அந்த டப்பாவில் தன் பெயரைப் பார்க்க, யாரோ துப்பிய எச்சில் முகத்தில் விழுந்தது போல இருந்தது.

"மாத்திரை?"

"ரெண்டையும் சேர்த்துக் குடுக்கக் கூடாதாம். நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு."

"அக்கா! உனக்கு அறிவிருக்கா? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உன்னை எதுக்குடி கேட்கணும்? நீதானே எழுதியிருக்க! உன் பேரைப் பார்த்துத்தானே வாங்கினேன். வேற எவனாவது எழுதியிருந்தா நான் சீண்டியிருப்பேனா? என் தங்கச்சி எழுதினதுன்னு கடைக்காரன்கிட்ட பெருமையா வேற சொன்னேன்."

"அது எலியில செஞ்ச ஆராய்ச்சிக்கா."

"எலின்னு எங்க போட்டிருக்கு? காட்டு பார்ப்போம்."

அக்கா கட்டுரையை வெட்டிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். அதில் காட்ட எலி இல்லை. சின்னவள் போனில் அந்தத் திருத்தத்தைத் தேடி எடுத்து நீட்டினாள். அக்கா உதட்டை அசைத்துப் படித்தாள்.

"'எலி மாதிரி என்ற சொற்கள் விடுபட்டுவிட்டன.' இதுக்கு என்னடி அர்த்தம்? அப்பாவை எலி மாதிரிங்கிறியா?"

இனிமேல் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுப் பிரயோஜனமில்லை என்று சின்னவளுக்குப் புரிந்தது.

"அக்கா, கேளு. அந்த ஆராய்ச்சியில எலிப்புழுக்கையைக் கரைச்சு இன்னொரு எலிக்குக் குடுத்தாங்க. அவ்வளவுதான். இளங்குடல், சேர்மம், மண்ணாங்கட்டி எல்லாம் நான் வச்ச பேரு. புழுக்கைக்கா. எலிப்புழுக்கை. இந்த டப்பாக்காரன் எதை அரைச்சுப் போட்டானோ, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

அக்காவின் முகம் கோணியது. "ச்சீ" என்றாள். பாலில் கலக்கி வைத்திருந்த டம்ளரை அப்படியே தொட்டியில் கவிழ்த்தாள். டம்ளரைக் கழுவவில்லை, குப்பையில் போட்டாள். தன் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். அப்புறம் திரும்பி நின்று, ஈரக்கை சொட்டச் சொட்டக் கேட்டாள்.

"இந்த ஒரு வார்த்தையை நீ அப்பவே எழுதியிருந்தா, நான் அப்பா வாயில ஊத்தியிருப்பேனாடி?"

சின்னவள் டப்பாவை எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். கத்தரி எலியை வெட்டினார், சரி. மெத்தைக்காரன் எச்சரிக்கையின் மேல் படுத்துக்கொண்டான், அதுவும் சரி. ஆனால் புழுக்கையை எடுத்தது யார்? கத்தரி கையில் கொடுக்கும் முன்பே, முகம் சுளித்துக்கொண்டு அவளே வெட்டிவிட்டாளே! அந்தச் சொல் ஒன்று இருந்திருந்தால், எலி போனாலும் எச்சரிக்கை போனாலும், படித்தவர்கள் அத்தனை பேரும் "ச்சீ" என்று தள்ளி வைத்திருப்பார்கள். ஜனங்களைக் காப்பாற்ற இருந்த ஒரே காவல் அந்த அருவருப்புதான். அதைத் துடைத்து, வாசனை பூசி அனுப்பிவிட்டாள். அவளுக்கு முதல் தடவையாகத் தன் மேலேயே குமட்டியது.

உள்ளே அப்பா முனகினார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. கையில் ஊசி குத்தி மருந்துநீர் ஏற்றினார்கள். டாக்டரம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உறையில் இருந்த பெயரையும் படித்தார். நல்லவேளை, எதிரே நிற்பது யார் என்று அவருக்குத் தெரியாது.

"இதை எழுதினவங்களைப் பிடிச்சு நாலு ஸ்பூன் கரைச்சு ஊத்தணும்" என்றார். "வயிறு சரியாயிடும். மாத்திரையைத் திரும்ப ஆரம்பிக்கிறேன். ஆனா விட்ட இடத்துலயிருந்து பிடிக்க முடியும்னு சொல்ல மாட்டேன். போனது போனதுதான்."

தாழ்வாரத்திலிருந்து சின்னவள் கத்தரிக்குப் போன் செய்தாள். புழுக்கை என்ற சொல்லோடு, பொடியின் பெயரோடு, முதல் பக்கத்தில் மறுப்பு வேண்டும் என்றாள்.

"புழுக்கையா? காலையில சாப்பிடுற நேரத்துல பேப்பர் படிக்கிறவங்கம்மா. அதுவும் இல்லாம..." கத்தரி தொண்டையைச் செருமினார். "மெத்தைக்காரங்க போயிட்டாங்க. உன் பக்கத்துக்கு இப்ப அந்தப் பொடிக்காரங்கதான் விளம்பரம். நல்ல மனுஷங்க. உன்னைப் பாராட்டிப் பேசினாங்க."

அவள் போனை வைத்தாள். பிறகு அங்கேயே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தன் பெயர் போட்டு, போனிலேயே குளிப்பாட்டாமல் எழுதினாள். எலிப்புழுக்கையைக் கரைத்து எலிக்குக் கொடுத்த கதையைச் சொல்லித்தான் இந்தப் பொடியை விற்கிறார்கள். கதையில் எலியை மறைத்தது என் பத்திரிகை, புழுக்கையை மறைத்தது நான். வாங்கியவர்கள் குப்பையில் போடுங்கள், மாத்திரையை நிறுத்தியவர்கள் டாக்டரிடம் ஓடுங்கள். தெரிந்தவர்கள் எல்லோருக்கும் அனுப்பினாள். வேலை போகும், தெரியும். கொஞ்ச நேரத்தில் முதல் பதில் வந்தது: 'ச்சீ! என் மாமியாருக்குக் குடுத்துட்டு இருக்கேனே!' இத்தனை வருஷம் எழுதி அவளுக்குக் கிடைத்த உருப்படியான பாராட்டு அதுதான்.

நர்ஸ் எட்டிப் பார்த்து, பெரியவருக்கு மறுபடி வயிற்றால் போய்விட்டது, கூட இருப்பவர்கள் வாருங்கள் என்றாள். அக்கா வீட்டுக்குத் துணி எடுக்கப் போயிருந்தாள். சின்னவள் உள்ளே போனாள். திரையை இழுத்துவிட்டு, அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்து, துணியை உருவினாள். வாடை குப்பென்று முகத்தில் அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்தது, வாய்க்குள் உமிழ்நீர் ஊறியது. மூக்கைப் பொத்த மூன்றாவது கை இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு துடைத்தாள். வெந்நீரில் துணியை நனைத்து, பிழிந்து, மடிப்பு மடிப்பாகத் துடைத்தாள். விரலில் பட்டது. படட்டும் என்று விட்டாள்.

சுத்தமான துணி கட்டி மல்லாக்கப் படுக்க வைத்ததும் அப்பா கண் திறந்து அவளையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே ஒரு வார்த்தை. சொல்லுங்கப்பா, சொல்லுங்க.

"ரொம்ப நன்றிம்மா" என்றார் அப்பா, வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு. "நீங்க அப்படியே என் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கீங்க."

"அப்பா..."

"மாதிரிதான்" என்று அவசரமாகத் திருத்தினார். முகத்தில் பழைய சிரிப்பு லேசாக வந்தது. "அவ இதெல்லாம் தொட மாட்டா. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடியே போயிடுவா."