மெத்தையின் பிளாஸ்டிக் சட்டை

எங்கள் மகள் அமோண்டி தூக்கத்தில் கடிகார முள்ளைப் போலச் சுற்றுவாள். படுக்கும்போது தலையணையில் தலை இருக்கும். விடியும்போது அவள் குதிகால் என் மூக்கின் மேல் இருக்கும். மூன்று வயதுவரை எங்களுக்கு நடுவில்தான் படுத்துச் சுற்றினாள். இப்போது என் மனைவி அவினோவுக்கு நிறைமாதம். அந்தக் கால் இனி அம்மாவின் வயிற்றில் பட்டுவிடக் கூடாது, பிறக்கப்போகும் குழந்தையின் முகத்திலும் பட்டுவிடக் கூடாது. பிரசவத்துக்குள் அமோண்டி தன் சொந்த மெத்தையில் தனியாகத் தூங்கப் பழகியாக வேண்டும். அந்த மாதம் எங்கள் வீட்டில் இதைத் தவிர வேறு கவலையே இல்லை.

பழைய நுரைமெத்தை ஒன்று வீட்டில் கிடந்தது. அதில் படுக்கவைத்தால் அவளுக்கு மூச்சு இளைத்தது. நான் ஏரிக்கரை ஊரான கிசுமுவில் குளிர்பெட்டி பழுது பார்ப்பவன் என்பதால் நுரையோடு எனக்குப் பல வருடப் பழக்கம். குளிர்பெட்டிக் கதவுக்குள் இருக்கும் கெட்டி நுரையும் மெத்தைக்குள் இருக்கும் மெது நுரையும் பங்காளிகள். இரண்டு திரவங்களைக் கலந்தால் மாண்டாசிப் பலகார மாவு பொங்குவதுபோல் பொங்கி, குமிழி குமிழியாய் இறுகிக்கொள்ளும். புது மெத்தையில் அடிக்கும் காரநெடி, அந்தச் சமையலில் மிச்சமானது மெல்ல வெளியேறும் வாசனை. கொஞ்ச நாள் காற்றாட வைத்தால் குறைந்துவிடும். ஆனால் மட்டமான நுரை வயதானால் தூளாக உதிரும். அந்தத் தூளும், அதில் குடியேறும் தூசுப்பூச்சியும் குழந்தையின் மூக்குக்குப் போகும்.

இதை அவினோவிடம் விளக்கினேன்.

"போன வாரமும் சொன்னீங்க அமோண்டி அப்பா. அதுக்கு முந்தின வாரம் படம் வேற போட்டுக் காட்டினீங்க. எந்திரிங்க, கடைக்குப் போலாம்" என்றாள்.

கிபுயே சந்தையில் மெத்தைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. முதல் கடைக்காரன் ஒரு பச்சை நுரையைத் தட்டினான்.

"இது இயற்கை மெத்தை மேடம். சுத்த இயற்கை."

"எப்படி இயற்கை?" என்றாள் அவினோ.

"பச்சையா இருக்குல்ல?"

"அப்போ ராணுவ லாரியும் இயற்கைதானா?"

அடுத்த கடைக்காரன் எங்களைக் கண்டதும் மெத்தை மேல் ஏறிக் குதித்துக் காட்டினான். கிழியாதாம். அவினோ அவனை இறங்கச் சொல்லிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து மெத்தையில் மூக்கை வைத்து ஆழமாக இழுத்தாள்.

"மேடம், மெத்தை வாங்க வந்தீங்களா, ருசி பாக்க வந்தீங்களா?"

"என் பொண்ணு ராத்திரி பூரா இதைத்தான் மோந்து பாக்கப் போறா. ஒரு நிமிஷம் நான் மோந்தா உனக்கென்ன?"

கடைசி வரிசையில் ரெஹெமா என்ற கடற்கரைப் பக்கத்துப் பெண்ணின் கடை. அவளிடம் தேங்காய் நாரில் செய்த மெத்தை இருந்தது. தேங்காய் நாரைச் சுருட்டி, அதன்மேல் ரப்பர் மரத்துப் பாலைத் தெளித்து, சூடாக்கி அழுத்தினால், நாரும் நாரும் தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் காற்று. மேலே பருத்தித் துணி.

ரெஹெமா மேசையிலிருந்த நார்மெத்தைத் துண்டு ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். "வாயில வெச்சு ஊதுங்க சார். சார் மூச்சு மேடம் கையில படும்."

ஊதினேன். மறுபக்கம் வைத்திருந்த அவினோவின் உள்ளங்கையில் காற்று பட்டது. எனக்கு ஏற்பட்ட ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. எங்களோடு வந்திருந்த அமோண்டியையும் ஊதச் சொன்னேன். அவள் ஊதியதில் காற்றோடு எச்சிலும் வந்தது. வந்து நின்ற வேறு இரண்டு வாடிக்கையாளர்களையும் ஊதவைத்து, உடம்பிலிருந்து நாள் முழுக்க ஆவியாக ஈரம் கிளம்புகிறது, மெத்தைக்குள் காற்று ஓடினால் அது போய்விடும், ஓடாவிட்டால் அங்கேயே தங்கும் என்று விளக்கினேன்.

"சார் இங்கயே வேலைக்கு வந்துடுங்களேன்" என்றாள் ரெஹெமா.

இன்னும் சில சோதனைகள் செய்தோம். உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். குழந்தை உடம்பு புதையக் கூடாது. மேல்துணியிலிருந்து ஒரு நூலை உருவிக் கொளுத்தினேன். பருத்தி என்றால் காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், செயற்கை நூல் என்றால் உருகி மணியாகத் திரளும். சாம்பல்தான் வந்தது. கட்டில் சட்டத்தின் அளவை அவினோ கயிற்றில் முடிச்சுப்போட்டுக் கொண்டுவந்திருந்தாள். சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே சந்து இருந்தால் குழந்தையின் கை கால் மாட்டிக்கொள்ளும். அளவும் பொருந்தியது. வாங்கி, ரெஹெமா பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுத்ததும் டுக்டுக் ஆட்டோவின் கூரையில் கட்டி, வெற்றியோடு வீடு வந்தோம்.

வீட்டு வாசலில் என் அக்கா கொன்சொலாதா நின்றிருந்தாள். பிரசவத்துக்கு ஒத்தாசையாகச் சியாயாவிலிருந்து வந்திருந்தாள். மாதா கோவில் பாடகர் குழுவில் முதல் வரிசையில் நிற்பவள். நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். அவள் வீட்டு சோபா வாங்கிய நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்து எழுந்தால் தொடைத்தோல் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். எங்கள் ஊரில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. எங்கள் வீட்டு டிவி ரிமோட்டும் உறையோடுதான் இருக்கிறது. உறையைக் கிழித்த பொருள் பழைய பொருள்.

மெத்தையைக் கட்டிலில் போட்டு, அதன் பிளாஸ்டிக்கைக் கீறக் கத்தியை எடுத்தேன்.

"டேய் ஒக்வேனோ! கைய எடு!" என்றாள் அக்கா. "பச்சப் புள்ளயப் பாக்க ஊரே வரப்போவுது. உறையில்லாம கெடந்தா இது புதுசுன்னு யாருடா நம்புவா?"

அவினோ யோசித்தாள். "அண்ணி சொல்றதும் சரிதாங்க. ஒண்ணுக்குப் போயிட்டாலும் மெத்தை நனையாது பாருங்க."

நானும் தலையாட்டினேன். சந்தையில் முன்பின் தெரியாதவர்களையெல்லாம் பிடித்து ஊதவைத்தவன், கத்தியைக் கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன். பிளாஸ்டிக் மேல் ஒரு விரிப்பைப் போட்டோம். அமோண்டி ஏறிப் படுத்தாள். திரும்பும்போதெல்லாம் சரசரவென்று யாரோ உருளைக்கிழங்கு வறுவல் தின்பதுபோல் சத்தம் வந்தது. அவளுக்கு அது பிடித்துவிட்டது. தூங்கிவிட்டாள்.

காலையில் விரிப்பு நனைந்திருந்தது.

"அதானே பாத்தேன்" என்றாள் அக்கா.

"நான் போகல" என்றாள் அமோண்டி.

"பின்ன பூனையா போச்சு? இந்தா பாரு, நம்ம குடும்பத்துல ஒரு சட்டம் இருக்கு. நனைச்சவங்கதான் வெயில்ல கொண்டுபோய்க் காயப்போடணும். உங்கப்பனும் தூக்கிட்டுப் போயிருக்கான்."

அது தேவையில்லாத தகவல்.

எங்கள் வளவில் ஆறு குடித்தனம், ஒரே கொடிக்கயிறு. அமோண்டி விரிப்பைத் தரையில் இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டு நெரியா ஒமேனா மீனை உலர்த்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்னடி அமோண்டி, ஏரி உங்க வீட்டுக்கே வந்துடுச்சா? படகு அனுப்பவா?"

வளவே சிரித்தது. அமோண்டி சிரிக்கவில்லை. "நான் போகல" என்று மறுபடி சொன்னாள். மறுநாள் காலையிலும் விரிப்பு ஈரம். நெரியா இப்போது வலை வேண்டுமா என்று கேட்டாள். அன்றோடு அமோண்டி அந்தக் கட்டில் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். தலையணையோடு எங்கள் நடுவில் வந்து விழுந்தாள். அவினோ வயிற்றை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிப் படுத்தாள். மருத்துவமனையில் எந்த நாளும் வலி எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் விரிப்பை எடுத்து மோந்து பார்த்தேன். மூத்திர வாசனை இல்லை. பிளாஸ்டிக்கைத் தடவினேன். மழைக்காலத்தில் குளிர்பெட்டிக் கதவோரம் வியர்ப்பதுபோல் சின்னச் சின்னத் துளிகள். குழந்தை எந்த வடிவில் படுத்தாளோ அந்த வடிவில், கால் சுற்றிய வட்டம் உட்பட, ஈரம். அப்போதுதான் உறைத்தது. மூச்சு விடும் மெத்தையை வாங்கி அதன் மூக்கை நாமே பொத்தி வைத்திருக்கிறோம்!

"அக்கா, இது வேர்வை. உடம்பு சூட்டுல ஈரம் ஆவியா வருது. பிளாஸ்டிக்குக்குள்ள போக வழியில்ல. அதனால..."

"உன் குளிர்பெட்டிக் கதையை என்கிட்ட அவுக்காத."

"மூத்திரம்னா வாசனை வரணுமே?"

"சின்னப் புள்ளைங்களோடது வாசனை வராது."

"அப்ப நீயே படுத்துப் பாரு."

"படுக்கிறேன். எனக்கென்ன பயம்? இந்தப் புள்ளைக்கும் புரியட்டும், எவ்வளவு நல்ல மெத்தைன்னு."

மதியம். மழைக்கு முந்தின கிசுமு வெயில். தகரக் கூரை சடசடத்தது. அக்கா சந்தைக்குப் போய்வந்து, உகாலிக் களியும் கீரையும் வயிறாரச் சாப்பிட்டிருந்தாள். கட்டில் ஒரு முனகல் முனகி அவளை ஏற்றுக்கொண்டது. அமோண்டி பக்கத்தில் முக்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தாள்.

"பாத்தியா, எவ்வளவு சொகமா..." என்று தொடங்கிய அக்கா வாக்கியத்தை முடிக்கவில்லை. குறட்டை பாடகர் குழு முழுவதுக்கும் போதுமானதாக இருந்தது.

தேநீர் நேரத்துக்கு எழுந்தாள். சோம்பல் முறித்து, "சொர்க்கம்டா" என்று சொல்லிக்கொண்டே திரும்பினாள்.

அவளுடைய நீலப் பூப்போட்ட கவுன், தோளிலிருந்து முழங்கால்வரை, பின்பக்கம் மட்டும் கருநீலமாகியிருந்தது.

அமோண்டி முக்காலியிலிருந்து எழுந்தாள். சுற்றிவந்து பார்த்தாள். குனிந்து விரிப்பைத் தொட்டாள்.

"அத்தை ஒண்ணுக்குப் போயிட்டாங்க."

"ஏய்!" அக்கா கையால் முதுகைத் தடவினாள். கையைப் பார்த்தாள். "இது... இது வேர்வைடி!"

"என் விரிப்பு நனைஞ்சப்ப நீங்க மூத்திரம்னுதான சொன்னீங்க?"

"நான் பெரியவ. எனக்குத் தெரியாதா?"

"எனக்கும் தெரியும். நான்தான் சொன்னேனே, போகலன்னு." அமோண்டி விரிப்பின் நுனியை இழுத்து அத்தையிடம் நீட்டினாள். "நனைச்சவங்கதான வெயில்ல போடணும்?"

அவினோ சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் போனாள். பாத்திரம் விழும் சத்தம் கேட்டது. நான் ஆவியாதலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாயெடுத்தேன். அக்கா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அக்கா அந்தச் சின்ன முகத்தைப் பார்த்தாள். பிறகு மெத்தையின் ஒரு முனையைப் பிடித்தாள். "டேய், அந்தப் பக்கம் தூக்கு."

"இங்கயே கீறிடலாம்க்கா. யாரும் பாக்க மாட்டாங்க."

"சட்டம்னா சட்டம். தூக்கு."

மெத்தையையும் விரிப்பையும் வெளியே கொண்டுவந்தோம். அமோண்டி முன்னால் நடந்தாள். ஆறு வீட்டு வாசலிலும் ஆட்கள். நெரியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"இன்னைக்கும் ஏரியா? இன்னைக்கு யாரு?"

அமோண்டி அத்தையை அண்ணாந்து பார்த்தாள். மாதா கோவிலில் முதல் வரிசையில் நிற்கும் என் அக்கா தொண்டையைச் செருமினாள்.

"நான்தான்" என்றாள், எல்லா வாசலுக்கும் கேட்கும்படி. "இன்னைக்கு நனைச்சது நான். முந்தி நனைஞ்சதுக்கும் இந்தப் புள்ளை காரணமில்ல. இவ சொன்னது நெசம். இனி எவளாவது இவகிட்ட படகு, வலைன்னு பேசினா, என்கிட்ட வந்து பேசட்டும்."

நெரியா இடுப்பிலிருந்து கையை எடுத்து, மீனைப் புரட்டக் குனிந்தாள்.

அக்கா நான் உள்ளே போய் எடுத்துவந்த கத்தியை வாங்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பிளாஸ்டிக்கைத் தலையிலிருந்து கால்வரை ஒரே கீறாகக் கீறினாள். ஏதோ சொந்தத் தோலையே கீறுவதுபோல் முகத்தைச் சுளித்தாள். விரிப்பை அவளே வெயிலில் கொடியில் போட்டாள். வேப்பமர நிழலில் மெத்தையைப் போட்டோம். பருத்தித் துணி வெளியே தெரிந்தது. அமோண்டி குப்புறப் படுத்து, வாயை அதில் வைத்து ஒரு ஊது ஊதினாள். பிறகு காதை வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். எழுந்தபோது துணி காய்ந்தே இருந்தது. அன்று முதல் தன் கட்டிலில்தான் படுத்தாள். அங்கே எந்தத் திசையிலும் சுற்றலாம், உதைவாங்க யாருமில்லை.

அந்த வாரமே அவினோவுக்கு வலி எடுத்தது; பையன் பிறந்தான். ஊரே பார்க்க வந்தது. வந்தவர்களில் ஒருத்தி அமோண்டியின் கட்டிலைப் பார்த்துவிட்டு, "மெத்தை புதுசா, பழசா? உறையில்லையே?" என்று கேட்டாள்.

"புதுசுதான்" என்றாள் அமோண்டி. "அத்தை ஒரே ஒரு தடவைதான் நனைச்சாங்க."

அக்கா எல்லாருக்கும் தேநீர் ஊற்றினாள். ஊருக்குப் போகும்போது, கீறிய பிளாஸ்டிக்கை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எதுக்குக்கா அது?"

"சோபாவோடது ஒரு பக்கம் கிழிஞ்சுபோச்சுடா. ஒட்டுப் போடணும்."