சிவப்பைத் தொட்ட முள்

மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி முதல் ஏற்றத்தில் சக்கரம் ஏறியதுதான் தாமதம், சூடு காட்டும் முள் விருட்டென்று எழுந்து சிவப்புக் கோட்டில் போய் ஒட்டிக்கொண்டது. “போச்சு” என்று டிரைவர் காசிமாயன் காரை ஓரங்கட்டினான். இஞ்சினை அணைத்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான். பக்கத்து இருக்கையில் இருந்த வீரலட்சுமி முள்ளை முறைத்தாள். இதே ஏற்றம், இதே கார், இது மூன்றாவது தடவை.

“மந்திரிச்ச தகடு கட்டியும் இப்பிடி மக்கர் பண்ணுதே ஆத்தா. எறக்கித் திருப்பிருவோமா?” என்றான் அவன்.

“திரும்புற பேச்சே வேணாம்ணே.”

இன்றைக்குத் திரும்பினால் தோட்டம் போய்விடும். கணவன் செத்து வருஷம் திரும்புவதற்குள் அவனுடைய அண்ணன் ஜக்கையன் வந்து, மலைத்தோட்டம் பொம்பளைக்கு ஆகிற காரியமில்லை, ஏலக்காய்த் தோட்டத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பாசம் தம்பி இருந்தபோது எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. வீரலட்சுமி ஒப்பவில்லை. கடைசியில் சொந்தக்காரப் பெரியவர்கள் தோட்டத்து வழக்கத்தை எடுத்துப் பேசினார்கள். பருவத்தின் முதல் கூடையைத் தோட்டத்தை நடத்துகிறவர்தான் தன் கையால் பறித்து நிரப்ப வேண்டும். ஆவணி முதல் வெள்ளியன்று உச்சிப்பொழுதுக்குள் அவள் மலைக்கு வந்து நிரப்பினால் தோட்டம் அவளுக்கு, வராவிட்டால் ஜக்கையனுக்கு.

அந்த வெள்ளி இன்றுதான். வழி பழகிக்கொள்வோம் என்று முன்னாலேயே இரண்டு தடவை கிளம்பி, இரண்டு தடவையும் இந்த ஏற்றத்தோடு திரும்பியிருந்தாள். போடி கடைத்தெரு முழுக்க அந்தப் பேச்சுதான். பட்டறைக்காரர் பிச்சைமணி ரேடியேட்டரைக் கழுவி, இஞ்சின் தலையில் சூட்டை உணர்ந்து முள்ளுக்குச் சொல்லும் பித்தளைக் குமிழையும் புதிதாக மாற்றிக் கொடுத்தார். அவருடைய பட்டறை சமதளத்தில் இருந்தது. அங்கே முள் நல்ல பிள்ளையாக நடுவிலேயே நின்றது.

பின்னால் ஜீப்புச் சத்தம் கேட்டது. ஜக்கையன்தான். வண்டியை நிறுத்தித் தலையை மட்டும் வெளியே நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

“என்னத்தா, கொதிச்சிருச்சா? வெயில்ல நிக்காத. ஏறிக்க, நான் கொண்டு போயி விடுறேன்.”

அந்த ஜீப்பில் போய் இறங்கினால் அவள் தோட்டத்துக்கு விருந்தாளி. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“நீங்க போங்க மச்சான். நான் வர்றேன்.”

“எதுல வருவ?”

“எங்காருலதான்.”

“வா, வா. நான் போடிமெட்டுல காப்பி குடிச்சிட்டு மெதுவாத்தான் போவேன். நீ வர்றதுக்குள்ள நான் முந்திக் கூடையத் தொட்டேன்னு நாளைக்கு ஒரு சொல் வரக்கூடாது பாரு.” ஜீப் புழுதியை அவள் சேலையில் அடித்துவிட்டு வளைவில் மறைந்தது.

அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு இறங்கினாள்.

“அண்ணே, ரேடியேட்டர் மூடியத் தெறங்க.”

“இப்பவா? ஆவி மூஞ்சில அடிச்சிரும் ஆத்தா. ஆறட்டும்.”

இரண்டு தடவையும் அப்படித்தான் நடந்தது. முள் சிவப்பைத் தொட்டதும் நிறுத்தி, வெகுநேரம் ஆறவிட்டு, பிறகு மூடியைத் திறந்து, தண்ணீர் ஆறிவிட்டது என்று சமாதானப்பட்டார்கள். கொதித்ததா என்று எவருமே பார்க்கவில்லை. காசிமாயனைக் குறை சொல்லியும் பயனில்லை. முந்தைய முதலாளியிடம் இருந்தபோது ஒரு லாரியைக் கொதிக்கவிட்டு இஞ்சின் தலை வெடித்துப் போனது. அதிலிருந்து முள் சொல்வதுதான் அவனுக்கு வேதம்.

“எறும்பு ஊருற மாதிரி ஏறுனா சூடுன்னு நம்பலாம். இந்த முள்ளு தாவுதுண்ணே. இம்புட்டுத் தண்ணி கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள எப்பிடிக் கொதிக்கும்? குடுங்க, நானே தெறக்குறேன்.”

அவள் சாக்கை மடித்துக் கையில் சுற்றுவதைப் பார்த்ததும் அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. சாக்கைப் பிடுங்கி, பேனட்டைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூடியை மெல்லத் திருகினான். ஆவி வரவில்லை. தண்ணீர் விளிம்பு வரை அசையாமல் நின்றது. விரலை வைத்துப் பார்த்தான். வெதுவெதுப்புதான்.

“அடப்பாவி முள்ளே!” என்றான் காசிமாயன். அந்த ஒரு வார்த்தையில் அவன் பயம் பாதி இறங்கிவிட்டது.

முள் பொய் சொல்கிறது. சரி, ஏன் சொல்கிறது? அது தெரியாமல் ஓட்டினால், மேலே உண்மையாகவே கொதிக்கும்போது எதை நம்புவது? கார் செத்தால் தோட்டத்துக்குப் போகிற வழியும் செத்தது. வீரலட்சுமி காரைவிட்டு நகரவில்லை. “கண்டுபிடிச்சிட்டே போவோம்ணே” என்றாள்.

காசிமாயன் மூடியைப் போட்டு, பேனட்டைத் திறந்தபடியே விட்டு இஞ்சினைக் கிளப்பினான். அவள் உள்ளே முள்ளைப் பார்த்து உட்கார்ந்தாள். இப்போது முள் நடுவுக்கும் கீழே சாதுவாக நின்றது. பித்தளைக் குமிழிலிருந்து ஒயரைக் கழற்றினான்.

“விழுந்திருச்சுண்ணே! அடியில போயிருச்சு.”

கழற்றிய ஒயர் நுனியை இஞ்சின் இரும்பில் தொட்டான்.

“தாவுது! செவப்புக்குத் தாவுது! இந்நேரம் வரைக்கும் தாவுன மாதிரியே!”

காசிமாயன் ஒயரைப் பிடித்தபடி யோசித்தான். “மீட்டர் நல்லாத்தான் இருக்கு ஆத்தா. ஒயரோ குமிழோ எங்கனயோ இரும்புல தொட்டு எர்த் ஆவுது. அதான் தாவுது.” ஒயரைத் திரும்ப மாட்டி, குமிழிலிருந்து உள்ளே போகும் வரை விரலால் தடவிக்கொண்டே வந்தான். ஓரிடத்திலும் உரசலில்லை, வெட்டில்லை. மறுபடி தடவினான். ஒன்றுமில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அலுத்துப்போய் பேனட்டை டப்பென்று சாத்தினான்.

“அண்ணே! செவப்பு!”

திறந்தான். முள் இறங்கியது. சாத்தினான். தாவியது. திறந்தான். இறங்கியது.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேனட்டின் உள்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும்.

தோட்டத்தை நடத்துவது என்று முடிவெடுத்த மறுநாளே வீரலட்சுமி கோடாங்கி அமாவாசையிடம் போயிருந்தாள். மலைப்பாதையை நினைத்தாலே அவளுக்குப் பயம். அமாவாசை உடுக்கை அடித்துக் குறி சொல்லி, செப்புத் தகட்டில் கட்டம் கீறிக் கொடுத்தார். வண்டிக்குள் கண்படாத இடத்தில் செப்புக் கம்பியால் தொங்கவிட வேண்டும், கட்டிய பிறகு கையால் தொடக்கூடாது, கண்ணால் பார்க்கக்கூடாது என்பது உத்தரவு. காசிமாயன் பயபக்தியோடு பேனட்டுக்கு அடியில் கட்டினான். அன்று முதல் பேனட்டைத் தூக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டான். பிச்சைமணியையும் குனியச் சொன்னான். எல்லோரும் குனிந்துகொண்டே தேடினால் எது அகப்படும்?

“சமத்துல அது சும்மா தொங்கும். மேட்டுல வண்டி அண்ணாந்தா, பின்னால சாஞ்சு குமிழத் தொடும்” என்றான் காசிமாயன் மெல்ல. சொல்லிவிட்டு இரண்டு எட்டு பின்வாங்கினான். “ஆனா நான் தொட மாட்டேன் ஆத்தா. புள்ளகுட்டிக்காரன்.”

வீரலட்சுமிக்கும் பயம்தான். கணவனைப் பறிகொடுத்தவள், சாமி காரியத்தில் விளையாடலாமா? கீழே போடியின் வயல்கள் பச்சையாகக் கிடந்தன. இப்படியே வண்டியைத் திருப்பி இறங்கினால் ஒரு கஷ்டமும் இல்லை, வீட்டோடு இருந்துவிடலாம், ஜக்கையன் அரிசி பருப்பு அனுப்புவார். அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“எஞ்சாமி, குத்தம் இருந்தா என்னோட போகட்டும்” என்று கும்பிட்டாள். பேனட்டுக்கு அடியில் தலையை நுழைத்து, நிமிர்ந்து, தகட்டைக் கண்ணால் பார்த்தாள். கம்பி கையைக் கிழித்தது. முறுக்கை அவிழ்த்து எடுத்தாள். இடி விழவில்லை. ஒரு மைனா கத்திக்கொண்டு போனது. தகட்டின் ஓரத்தில், குமிழில் பட்டுப் பட்டுத் தேய்ந்த இடம் பளபளவென்று இருந்தது. அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பேனட்டைச் சாத்தினார்கள். முள் அசையவில்லை.

“எடுங்கண்ணே. வெரசா.”

வளைவு வளைவாகக் கார் ஏறியது. முள் கொஞ்சம் கொஞ்சமாக, உண்மையான சூட்டுக்கு ஏற்ற மாதிரி நடுவுக்கு வந்து அங்கேயே நின்றது. பாதி மலையில் ஒருமுறை நடுவைத் தாண்டியது. காசிமாயன் பதறாமல் நிறுத்தி, ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு எடுத்தான். போடிமெட்டுக் காப்பிக் கடையில் ஜக்கையன் தம்ளரும் கையுமாகப் பேசிக்கொண்டிருந்தார். காசிமாயன் வேண்டுமென்றே ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டே போனான். அவர் தம்ளரை வைக்க இடம் தேடியதை வீரலட்சுமி கண்ணாடியில் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள், பல மாதங்களுக்குப் பிறகு.

தோட்டத்தில் கங்காணி கருத்தம்மா கூடையோடு காத்திருந்தாள். வீரலட்சுமி ஈரத்தரையில் மண்டியிட்டு, ஏலச்செடியின் தூரில் படர்ந்த சரங்களிலிருந்து விளைந்த காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டாள். கிழிந்த கையில் காயின் சாறு பட்டு எரிந்தது. நிறுத்தவில்லை. ஜீப் வந்து நின்றபோது அவள் கடைசிப் பிடியைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“கூட நெறஞ்சிருச்சுங்க” என்றாள் கருத்தம்மா, ஜக்கையன் கேட்பதற்கு முன்பே. அவர் வானத்தைப் பார்த்தார். உச்சிக்கு இன்னும் பொழுதிருந்தது.

சாயங்காலம் இறங்கும் முன் காசிமாயன் தயங்கித் தயங்கி வந்தான். “ஆத்தா, அந்தத் தகட்ட வண்டியில வேற எங்கயாச்சும் கட்டிரவா? குமிழுக்குத் தள்ளி?”

வீரலட்சுமி முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“வண்டி எங்கண்ணே பயந்துச்சு? பயந்தவ நானு. எங்கிட்டயே இருக்கட்டும்.”